சி.ஏ. என்று நான் போட்ட டிக்

பாப்பா,

உட்கார்ந்து படி. பஸ்ஸில் படிக்காதே, தலை சுற்றுகிறது என்பாய். திங்கட்கிழமை சாயங்காலத்துக்குள் மூன்றாம் வருஷத்துக்குப் பாடம் தேர்ந்தெடுக்கிற ஃபாரத்தை நீ டிபார்ட்மெண்டில் கொடுத்தாக வேண்டும். இன்றைக்கு வெள்ளி. நான் வெள்ளிமலையில் செல்போன் டவருக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறேன். புது பேட்டரி மாற்றியாகிவிட்டது, சார்ஜ் ஏற நாலு மணி நேரமாகும். அதுவரை எனக்கு வேலையில்லை. அதனால் வேலைத்தாளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். போனில் சொல்லலாம்தான். போனில் பேசினால் நான் கத்துவேன், நீ "சரிண்ணா" என்று வைத்துவிடுவாய். இரண்டு வருஷமாக அப்படித்தான் நடந்திருக்கிறது. நாளைக்கு மலையிறங்கி வந்ததும் இதை உன் ஃபைலுக்குள் வைத்துவிடுவேன். படித்து முடித்தபின் உன் கல்லூரி ஆண்டு மலருக்குக் கொடுக்கத் தோன்றினால் கொடு, பேரை மட்டும் எடுத்துவிடு. அடுத்த வருஷம் தங்கச்சிக்கு ஃபாரம் நிரப்பப்போகிற எவனாவது படிக்கட்டும்.

உனக்கும் எனக்கும் ஒன்பது வயசுதான் வித்தியாசம். ஆனால் மூன்றாம் வகுப்பிலிருந்து உன் ரேங்க் கார்டில் 'பெற்றோர் கையொப்பம்' என்ற கோட்டின் மேல் இருப்பது என் கையெழுத்து. அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். அம்மாவுக்குக் கைநாட்டு வைக்க வெட்கம். "நீயே போடுடா, உன்னுதுதான் அழகாக்கீது" என்பாள். முதல் முறை போட்டபோது நான் பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தேன். உன் டீச்சர் ஒருநாளும் ஒன்றும் கேட்கவில்லை. அப்படியே நான் பெற்றோர் ஆகிவிட்டேன். அதனால்தான் இதை அப்பா எழுதுகிற மாதிரி எழுதுகிறேன். சிரிப்பு வந்தால் சிரி.

அம்மா போன நாளை மறுபடி சொல்லப்போவதில்லை. மரவள்ளிக் காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே உட்கார்ந்தாள், மாரடைப்பு என்றார்கள், அவ்வளவுதான். உன் பிளஸ் டூ ரிசல்ட் வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. எனக்கு அழுகை வரவில்லை. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு நம் கன்னத்தை நாமே தொட்டுப் பார்த்தால் அது வேறு யாருடைய கன்னமோ போல இருக்குமே, அந்த மாதிரி இருந்தேன். பந்தலுக்கு ஆள் பிடித்தேன், தண்ணி கேன் சொன்னேன், ரெண்டாம் நாளே டவரில் ஜெனரேட்டர் கோளாறு என்று போன் வந்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு மலைக்கு வந்து சரிசெய்துவிட்டு இறங்கினேன். சொந்தக்காரர்கள் கல்நெஞ்சன் என்றார்கள். எனக்கு அதுவும் உறைக்கவில்லை. அந்த ஊசியின் மரப்பு இன்னும் முழுசாகப் போகவில்லை என்று வைத்துக்கொள்.

பதினோராம் நாள் உன் காலேஜ் விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு சின்னசேலம் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடைக்குப் போனோம். கடைசித் தேதி அன்றைக்குத்தான். பதினாறாம் நாள் காரியத்துக்குச் சாமான் வாங்க வேண்டும், ஐயருக்குச் சொல்ல வேண்டும், எனக்கு ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிய வேண்டும். "நீ மொதல்ல கீழ கையெழுத்தப் போடு, மேல நான் எழுதிக்கிறேன்" என்றேன். நீ வெறும் ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டாய். போட்டுவிட்டுப் பாடப்பிரிவு என்று இருந்த இடத்தில் விரலை வைத்தாய்.

"ண்ணா, இதுல பி.காம் ஜெனரல்னு ஒன்னு கீது, பி.காம் சி.ஏ.ன்னு ஒன்னு கீது. சி.ஏ.ன்னா ஆடிட்டரு படிப்பா?"

"வேற இன்னா? அதான் போட்டுகிறானே."

"எங்க மிஸ்ஸு ஜெனரல் எடுத்துக்கோன்னு சொன்னாங்கண்ணா."

"ஜெனரல்னா பொதுவா படிக்கிறது. ஒன்னுத்துக்கும் ஆவாது. நீ ஆடிட்டராவணும்னுதான சொல்லிக்கினு இருந்த? அப்ப சி.ஏ. தான். நவுரு."

டிக் போட்டேன். ஜெராக்ஸ் கடைக்காரர்கூட, "தம்பி, ஒரு வார்த்த காலேஜுக்குப் போன் பண்ணிக் கேட்டுக்கயேன்" என்றார். "டிப்ளமோ படிச்சவன்ங்க நான், இதுகூடத் தெரியாதா?" என்றேன். அவர் வாயை மூடிக்கொண்டார். நீயும்தான்.

இங்கே டவர் வேலைக்கு வந்த முதல் மாதம் நடந்ததை உனக்குச் சொன்னதில்லை. வெள்ளிமலையில் இருக்கிற பேனலில் சிவப்பு விளக்கு எரிந்தால் கரண்ட் போய்விட்டது என்று அர்த்தம். கரியாலூர் பக்கத்தில் இருக்கிற டவரில் வேறு கம்பெனி பேனல். அதில் அதே சிவப்பு எரிந்தால் பேட்டரி சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். நான் சிவப்பைப் பார்த்ததும் கரண்ட் இல்லை என்று முடிவு கட்டி, ஓடிக்கொண்டிருந்ததை நிறுத்தி ஜெனரேட்டருக்கு மாற்றப்போய், மொத்தமும் படுத்துவிட்டது. அரை நாள் அந்தப் பக்கத்து ஊர்களுக்கு சிக்னல் இல்லை. ஒருத்தர் கம்பு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டே வந்து, "வண்டிக்காரனுக்குப் போன் போவலயே, நீ இன்னா பண்ண?" என்று கேட்டார். சூப்பர்வைசர் மேலே வந்து என்னைத் திட்டவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "டேய், மேக்கு இன்னான்னு பாத்தியா?" அன்றிலிருந்து எந்தப் பேனலைத் தொட்டாலும் முதலில் மேக், அதாவது எந்தக் கம்பெனி செய்தது என்று பார்ப்பேன், புத்தகத்தைப் பிரிப்பேன், பிறகுதான் ஸ்விட்ச். இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூடத் தவறவில்லை. இரும்புப் பெட்டிக்குக் கொடுத்த அந்த ரெண்டு நிமிஷத்தை உனக்குக் கொடுக்கவில்லை.

முந்தாநாள் புதன்கிழமை கள்ளக்குறிச்சியில் ஒரு ஆடிட்டர் ஆபீஸுக்குப் போனேன். உனக்குத் தெரியாமல்தான் போனேன். கடைசி வருஷம் வரப்போகிறது, லீவு நாளில் நீ அங்கே போய் உட்கார்ந்து வேலை பழகினால் நல்லது என்று நினைத்தேன். மாடியில் சின்ன ஆபீஸ், சுவர் முழுக்க ஃபைல். முன்னால் கண்ணாடி போட்ட ஒரு அம்மா. வணக்கம் சொல்லி, "என் தங்கச்சி சி.ஏ. படிக்குதுங்க, ரெண்டு வருஷம் முடியப்போவுது, இங்க டிரெய்னிங் கெடைக்குங்களா?" என்றேன். அந்தம்மா எழுந்து நிற்காத குறை. "அப்படியா! எத்தன பரீட்ச முடிச்சிருக்காங்க?" என்றார். "நாலாவது செமஸ்டர்ங்க." அவர் முகம் மாறியது. "காலேஜா? எந்த கோர்ஸுப்பா?" "பி.காம் சி.ஏ.ங்க." பின்னால் கம்ப்யூட்டரில் இருந்த ஒருத்தன், "பிரிண்டர் ரெண்டு நாளா வேல செய்யல, தங்கச்சிய வரச் சொல்லுங்க" என்றான். அந்தம்மா அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு என்னை உட்காரச் சொன்னார்.

"தம்பி, சி.ஏ.ன்னா ரெண்டு இருக்குது. உன் தங்கச்சி படிக்கிறது கம்ப்யூட்டர் அப்ளிகேஷன். காமர்ஸோட கம்ப்யூட்டர் சேத்துப் படிக்கிறது. ஆடிட்டரு படிப்பு எந்தக் காலேஜ்லயும் கெடயாது, அது தனியாப் பரீட்ச எழுதி வாங்குறது. வருசா வருசம் உன்ன மாதிரி நாலு பேரு வராங்க. நீ ஒன்னும் மொத ஆள் இல்ல."

அது ஆறுதலா, திட்டா, இன்னும் தெரியவில்லை. வெளியே வந்து பைக் சாவியை வைத்துக்கொண்டு நின்றேன். கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. பேனலில் விளக்கு எதுவுமே எரியாத மாதிரி இருந்தது. வீட்டுக்கு எந்த வழியாக வந்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நீ கொடியில் துணி காயவைத்துக்கொண்டிருந்தாய்.

"சி.ஏ.ன்னா கம்ப்யூட்டராமே?" என்றேன்.

நீ துணியை உதறுவதை நிறுத்தவில்லை. "ஆமாண்ணா."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"மொத வாரமே தெரியும்."

"மொத வாரமேவா? அப்ப மாத்தியிருக்கலாமே! ஒரு மாசம் வரைக்கும் மாத்துறாங்களே! வாயில இன்னா வெச்சிக்கினு இருந்த?"

நீ கிளிப்பை ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டே சொன்னாய். முதல் வாரம் வகுப்பில் மேடம், நீங்கள் எல்லாம் கம்ப்யூட்டர் பேட்ச் என்றாராம். நீ எழுந்து கேட்டாயாம், எல்லோரும் சிரித்தார்களாம். அன்றைக்கே என்னிடம் சொல்லிவிட வேண்டும் என்று பஸ் முழுக்க வார்த்தையைக் கோத்துக்கொண்டு வந்தாயாம். வாசலில் நான் மாமாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தேனாம். "பாப்பா ஆடிட்டருக்குப் படிக்குது மாமா. ஆமா, ஆமா, ஆடிட்டருதான்" என்று சொன்னேனாம்.

"சொல்லிட்டுச் சிரிச்சண்ணா. அம்மா போனப்புறம் அன்னிக்கித்தான் மொத தடவ சிரிச்ச. அதான் சொல்லாம உள்ள பூட்டேன்."

பாப்பா, எனக்கு அந்தச் சிரிப்பு ஞாபகமில்லை. புதன்கிழமையிலிருந்து தேடிப் பார்க்கிறேன். மாமாவிடம் பேசியது லேசாக ஞாபகம் இருக்கிறது, சிரித்தது இல்லை. நான் சிரித்ததே தெரியாத ஒரு சிரிப்புக்காக நீ இரண்டு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறாய். டீக்கடைக்காரர் உன்னைப் பார்க்கும்போதெல்லாம், "ஆடிட்டரம்மா, எங்கடைக்கு ரெய்டு வந்துடாதம்மா, பஜ்ஜில மட்டும்தான் கலப்படம்" என்பார். நீ உதட்டால் சிரித்துவிட்டு வேகமாக நடப்பாய். வெட்கப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். சொந்தக்காரர் கல்யாணங்களில் என் பக்கத்தில் நிற்கவே மாட்டாய். நான் யாரிடமாவது ஆரம்பித்துவிடுவேன் என்று இப்போது புரிகிறது.

இதையும் சொல்லிவிடுகிறேன், மிச்சம் வைக்க வேண்டாம். பிளஸ் ஒன்னில் நீ வணிகக் கணிதம் இருக்கிற குரூப் கேட்டாய். கம்ப்யூட்டர் இருக்கிற குரூப்பில் சேர்த்தது நான். "கம்ப்யூட்டர் தெரிஞ்சா எங்கயும் பொழைக்கலாம்" என்றேன். காரணம் அது மட்டும் இல்லை. கணக்கு டியூஷனுக்கு உன்னைச் சாயங்காலம் கூட்டிக்கொண்டு போய்க் கூட்டிக்கொண்டு வர எனக்கு நேரமில்லை. அதைச் சொல்லாமல் உன் நல்லதுக்குத்தான் என்றேன். இது தெரியாமல் செய்த தப்பில்லை. சி.ஏ. தெரியாமல் செய்தது. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து மன்னித்துவிடாதே.

புதன் சாயங்காலம் நடந்ததும் உனக்குத் தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன், எழுதினால்தான் எனக்கு உறைக்கிறது. உன்னிடம் விஷயத்தைக் கேட்ட பத்தாவது நிமிஷம் நான் வேலையை ஆரம்பித்துவிட்டேன். ஆடிட்டர் ஆபீஸ் அம்மாவிடம் நம்பர் வாங்கியிருந்தேன், போன் போட்டேன். "எந்த பி.காம்னாலும் சரி, டிகிரியில அம்பத்தஞ்சு பர்சென்ட் எடுத்தா மொதப் பரீட்ச எழுதத் தேவயில்ல, நேரா ரெண்டாவதுக்குப் போவலாம். ஆனா இன்கம்டாக்ஸ், ஆடிட்டிங், காஸ்டிங் மூனும் காலேஜ்லயே படிச்சிருந்தா பொண்ணு தப்பிக்கும்" என்றார். நான் உன் ஃபாரத்தைப் பிரித்தேன். இரண்டு பெட்டி. முதல் தொகுப்பில் அவர் சொன்ன மூன்றும். இரண்டாவது தொகுப்பில் வெப் டிசைன், டேட்டாபேஸ், ஆன்லைன் வணிகம். பேனாவை எடுத்தேன், முதல் பெட்டியில் டிக் போட்டேன். "பாரு, ஒன்னும் கெட்டுப் போவல. சரி பண்ணியாச்சு" என்றேன். கோளாறு பிடித்தாயிற்று, வயரை மாற்றியாயிற்று, அடுத்த டவருக்குப் போகலாம் என்கிற மாதிரி.

நீ டிக்கைப் பார்த்தாய். என்னைப் பார்த்தாய்.

"இப்பவும் நீதான் டிக்கு போடுறண்ணா."

"உனக்குத்தான போடறேன்? நீ ஆடிட்டராவணுமா வாணாமா?"

"தெரியலண்ணா."

"தெரியலன்னா இன்னா அர்த்தம்?"

"தெரியலன்னா தெரியலதான். ரெண்டு வருசம் கம்ப்யூட்டர் படிச்சிக்கினேன் இல்ல. டேட்டாபேஸ் எனக்கு நல்லா வருதுண்ணா. ஒரு டேபிள்ல கீறது இன்னொரு டேபிளோட ஒத்துப் போவுதான்னு பாக்குறது புடிச்சிக்குது. அதுக்குன்னு ஆடிட்டரு வாணாம்னும் சொல்ல வரல. யோசிக்க உட மாட்டேன்ற."

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத மாட்டேன். நீ சோற்றை எடுத்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாய். அன்றைக்கு நம் வீட்டில் ரெண்டு பேரும் அம்மாவை நினைத்துக்கொண்டு தனித்தனியாகச் சாப்பிட்டோம். நீ நினைத்தாய் என்று எனக்குத் தெரியும். நானும்தான், அதை எப்படிக் காட்டுவது என்று தெரியவில்லை.

இப்போது எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். கட்டளை இல்லை, வேலைத்தாளில் எழுதுகிற குறிப்பு மாதிரி எடுத்துக்கொள். பாடத்தின் பேரை நம்பாதே. பேரை நம்பித்தான் உன் அண்ணன் கவிழ்ந்தான். லைப்ரரியில் பாடத்திட்டம் இருக்கும், ஒவ்வொரு பாடத்திலும் ஐந்து அலகு, உள்ளே என்ன இருக்கிறது என்று வரிவரியாகப் படி. பிறகு போன வருஷக் கேள்வித்தாளை எடுத்து, எந்தக் கேள்வியைப் பார்த்தால் உனக்குப் பேனா எடுக்கத் தோன்றுகிறது, எதைப் பார்த்தால் கொட்டாவி வருகிறது என்று பார். சீனியர்களிடம் எது ஈஸி என்று கேட்காதே. அவர்களுக்கு ஈஸியாக இருந்தது எந்த சார் எடுத்தார் என்பதால் இருக்கும், அந்த சார் இந்த வருஷம் இருக்க மாட்டார். எதைப் படிக்கும்போது நேரம் போனது தெரியவில்லை என்று கேள். உளுந்தூர்பேட்டையிலிருந்து வருகிற உன் தோழி எதை எடுக்கிறாள் என்று பார்த்து எடுக்காதே. பஸ்ஸில் பக்கத்தில் உட்காரத்தான் தோழி, பரீட்சை ஹாலில் நீ தனியாகத்தான் உட்காருவாய். இரண்டாவது தொகுப்பு எடுத்தாலும் ஆடிட்டர் கதவு மூடாது, அந்த மூன்று பாடத்தையும் வெளியே சேர்த்துப் படிக்க வேண்டியிருக்கும், கஷ்டம், அவ்வளவுதான். முதல் தொகுப்பு எடுத்தாலும் டேட்டாபேஸ் எங்கேயும் ஓடிப்போகாது. எதை எடுத்தாலும் அந்த ஐம்பத்தைந்துக்குக் கீழே மட்டும் போகாதே. இவ்வளவுதான் எனக்குத் தெரியும். இதில் பாதி புதன்கிழமைதான் தெரிந்தது.

ஊரில் என்ன சொல்வது என்று யோசிக்காதே. அது என் வேலை. நேற்றுக் காலையிலேயே டீக்கடைக்காரரிடம் சொல்லிவிட்டேன், பாப்பா படிப்பது ஆடிட்டர் படிப்பு இல்லை, நான்தான் தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தேன் என்று. "அப்ப இனிமே எங்கடைக்கு யாரு ரெய்டு வருவா?" என்றார். மாமாவுக்கும் போன் பண்ணிவிட்டேன். அவர், "அதனால இன்னாடா, பொண்ணு காலேஜுக்குப் போவுதில்ல" என்றார். அவருக்கு வித்தியாசமே தெரியவில்லை. நான்தான் இரண்டு வருஷம் ஊர் முழுக்கச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறேன்.

நேற்று மலைக்குக் கிளம்புவதற்கு முன் உன் டிபார்ட்மெண்டுக்குப் போய் இன்னொரு ஃபாரம் கேட்டேன். ஆபீஸில் இருந்தவர், "ஒரு ஸ்டூடண்டுக்கு ஒரு ஃபாரம்தாங்க, இன்னா ஆச்சு அதுக்கு?" என்றார். "தப்பா டிக்கு போட்டுட்டேங்க" என்றேன். கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். "ஃபாரம் பொண்ணுதா, உங்களுதா?" கொஞ்ச நேரம் நிற்கவைத்துவிட்டுத்தான் கொடுத்தார். நிற்கட்டும் என்று நின்றேன். அவசரம் என்று அவரிடம் சொல்லவில்லை. எனக்கே ஆச்சரியம்.

பேனல் விளக்கு பச்சைக்கு மாறிவிட்டது. மேக் பார்த்துவிட்டேன், இந்தப் பேனலில் பச்சை என்றால் சார்ஜ் முழுசாக ஏறிவிட்டது என்றுதான் அர்த்தம். கருவிகளை எடுத்து வைக்க வேண்டும்.

புது ஃபாரம் இந்தக் காகிதத்துக்குப் பின்னால் மடித்து இருக்கிறது. பிரித்துப் பார். பெட்டி இரண்டும் காலி. உன் கையெழுத்து இடமும் காலி. கீழே 'பெற்றோர் / காப்பாளர்' என்று இருக்கிற கோட்டின் மேல் மட்டும் நான் போட்டிருக்கிறேன். அன்றைக்கு ஜெராக்ஸ் கடையில் வெறும் ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டவள் நீ. இந்த முறை நான்.

அண்ணன்